காப்ஸ்யூல்காரியின் புருஷன்

எதிர்வீட்டுக் காப்ஸ்யூல்காரியின் புருஷன் திரும்பி வந்ததில் தெருவுக்கே சந்தோஷம். எனக்குக் கொஞ்சம் கூடுதல். என் ஜன்னலிலிருந்து பார்த்தால் அவள் வேலை செய்யும் அறை கண்ணாடி வழியாக முழுதாகத் தெரியும். அதில் அவள் தனியாகக் குனிந்திருப்பதையே எத்தனை நாள்தான் பார்த்துக்கொண்டிருப்பது?

அவருக்குச் சரக்குப் படகில் வேலை. தெரு அவருக்கு வைத்த பெயர் கப்பல். முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்தது. மற்றவர்கள் நீந்திக் கரையேறினார்கள், இவரைக் காணவில்லை. தேடியவர்கள் ஓய்ந்து, ஆறுதல் சொன்னவர்களும் ஓய்ந்த பிறகு, ஒரு மத்தியானம் காய்ந்த சட்டையோடு நடந்து வந்தார். மீன்பிடிப் படகுக்காரர்கள் ஏற்றிக்கொண்டார்களாம். எங்கோ காய்ச்சலோடு கிடந்தாராம். யாரும் குறுக்குக் கேள்வி கேட்கவில்லை. நான்கூட.

அவள் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சத்து மாத்திரைக் கடைக்காரர் பொடியும் வெற்றுக் கூடுகளும் தருவார். துளைத் தட்டில் கூடுகளை நிறுத்தி, பொடியைக் கொட்டி, அட்டையால் வழித்து உள்ளே இறக்கி, பலகையால் அழுத்தி, மறுபடி நிரப்பி மூட வேண்டும். கேட்க எளிது. காற்றில் ஈரம் இருந்தால் பொடி கட்டிதட்டும், கூடு இளகும். ஈரம் இல்லாவிட்டால் கூடு நொறுங்கும், பொடி பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு அடம்பிடிக்கும்.

இந்த முறை வந்திருந்தது ஏதோ வேர்ப்பொடி. கைப்பிடி அள்ளினால் முக்கால்வாசி காற்று. ஃபேன் கூடாது, ஜன்னல் சாத்தியிருக்க வேண்டும், உள்ளே போகிறவர்கள் மாஸ்க் கட்ட வேண்டும். ஒருமுறை நான் மாஸ்க்கை இறக்கி, "விஷயம் தெரியுமா" என்று ஆரம்பித்ததில் பாதித் தட்டு பறந்து சுவரில் அப்பிக்கொண்டது. விஷயத்தைக் கேட்கும் மனநிலையில் அவள் இல்லை.

கப்பலை நலம் விசாரிக்க மாஸ்க்கோடுதான் போனேன். அவர் தட்டுக்கு மேலேயே குனிந்து பொடியை வழித்துக்கொண்டிருந்தார். முகத்தில் மாஸ்க் இல்லை.

"வாங்கக்கா. மூட்டுவலி எப்படி இருக்கு?"

வாய்க்கும் பொடிக்கும் இடையில் ஒரு விரற்கடை இருந்தால் அதிகம். பொடி அசையவில்லை.

"தண்ணியில விழுந்து எழுந்ததும் வீட்டு வேலையெல்லாம் வந்துடுச்சே" என்று சிரித்தேன். மாஸ்க் விலகியிருக்க வேண்டும். பொடி எழும்பிப் போய் அவர் முகத்தில் உட்கார்ந்தது. இமையில், உதட்டில், மூக்குத் துவாரத்தின் விளிம்பில்.

"பரவால்லக்கா" என்று படகு கவிழ்ந்த கதையைத் தொடங்கினார். கதை சுவாரசியம்தான். ஆனால் என் கண் அவர் மூக்கடியில் இருந்த பொடியை விட்டு நகரவில்லை. பொடியும் நகரவில்லை.

அவள் ஈரத்துணியோடு வந்து, குழந்தைக்குத் துடைப்பதுபோல் துடைத்துவிட்டாள். என்னை வாசலுக்குக் கூட்டிவந்தாள்.

"உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"வந்த அன்னிக்கே. நெஞ்சுல சாஞ்சு அழுதேன்ல, உள்ள ஒரு சத்தமும் இல்ல, அப்பவே."

"பயமா இல்லையாடி?"

"அவர் இல்லாம இந்த வீட்டுல இருந்ததுதான்கா பயம்." குரலைத் தாழ்த்தினாள். "வெளியில தெரிஞ்சா புதைக்கணும்னு கொண்டுபோயிடுவாங்க. ஆள் வந்தா நெஞ்சை ஏத்தி இறக்குங்கன்னு சொல்லித்தான் வெச்சிருக்கேன். பேச்சு மும்முரத்துல மறந்துடறார்."

"நான் யார்கிட்டயும் சொல்ல…"

"சொல்லுவீங்கக்கா. உங்களால முடியாது." அவள் குரலில் கோபமே இல்லை. "அதான் கேக்கறேன். தினம் வந்து கொஞ்ச நேரம் அவர் எதிர்ல உக்காருங்க. எது பொருந்தலையோ சொல்லுங்க. உங்க கண்ணுக்குத் தப்பிடுச்சுன்னா இந்தத் தெருவுல எவ கண்ணுலயும் மாட்டாது."

இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று தெரியாமலே வீட்டுக்கு வந்தேன். மறுநாள் போனேன்.

கப்பல் நிமிர்ந்து உட்கார்ந்து பேசினார். நெஞ்சு ஏறியது, இறங்கியது, ஏறியது. தட்டில் பொடி மட்டும் வழித்துவிட்டபடியே கிடந்தது. அவள் அழுத்துப்பலகையைக் கையில் பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி" என்றேன், "இவ்வளவு வேகம் வேணாம். பேசும்போது நடுவுல கொஞ்சம் நிறுத்துங்க. எங்களுக்கெல்லாம் மூச்சு தீர்ந்துபோகும்."