துடைக்காத பென்சில் எழுத்து

ஐந்து மாதமாகத் தள்ளிப்போட்ட சோதனையை நேவெங்காவால் இனியும் தள்ளிப்போட முடியாது. ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் முடிவைக் கேட்டு நச்சரித்தார்கள். சோதனைக்கு இருந்தது ஒரு பீங்கான் தகடு. மின்புலம் ஏற்றினால் சூடாகும், இறக்கினால் குளிரும். வாயுவும் மோட்டாரும் இல்லாத குளிர்பெட்டியை அதை வைத்தே செய்துவிடலாம் என்று அவள் கணவன் யெர்னெய் பன்னிரண்டு வருடம் சூளையோடு மல்லுக்கட்டினான். சூட்டில் மூன்று டிகிரி வித்தியாசம் காட்டும் என்று அடித்துச் சொன்னான்.

பிப்ரவரியில் மலையேறப் போனவனைப் பனிச்சரிவு வாரிக்கொண்டு போய்விட்டது. பாவி மனுஷன், சூளைப் பக்குவத்தை எதிலும் எழுதி வைக்கவில்லை, எல்லாம் கைக்கணக்கு. மிஞ்சியது இந்தப் பதினோராவது தகடு ஒன்றுதான். மூன்று டிகிரி வந்தால் அவன் சொன்னது மெய். வராவிட்டால் பன்னிரண்டு வருடமும் வெறும் பேச்சு என்பார்கள்.

"காபி ஆறி ஐஸாப் போச்சு. இன்னும் அதைக் கொஞ்சிக்கிட்டே இருக்கியா?" என்றார் ஸ்தானே. இருபது வருடமாக அவளோடு அதே மேசையில் வேலை பார்ப்பவர்.

"உன் வேலையைப் பாரு."

"விளிம்பைத் துடைச்சாச்சா?"

"ஆச்சு, ஆச்சு."

ஆகவில்லை. விளிம்பில் யெர்னெய் பென்சிலால் எண்ணைக் குறித்து, பக்கத்தில் அவள் பெயரின் முதலெழுத்தைக் கோணலாக எழுதியிருந்தான். பென்சில் கரியில் மின்சாரம் ஓடும், ஆல்கஹாலில் துடைத்துவிட்டுத்தான் சோதிக்க வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு அதைக் கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். இன்று பஞ்சை நனைத்து மூன்று முறை கிட்டே கொண்டுபோனாள், மூன்று முறையும் கை வரவில்லை. அவன் கடைசியாக எழுதிய எழுத்தாயிற்றே. இத்தனூண்டு கோடு என்ன செய்துவிடப்போகிறது என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டாள்.

மின்புலம் படிப்படியாக ஏறியது.

"ரெண்டரை," என்றார் ஸ்தானே. "ரெண்டே முக்கால். அடி ஆத்தி, ரெண்டு புள்ளி ஒம்பது! உன் ஆளு கில்லாடிதான்!"

பிப்ரவரிக்குப் பிறகு முதல் முறையாக நேவெங்கா சிரித்தாள். "இன்னும் ஒரே படி. ஏத்து."

டப்பென்று ஒரு சத்தம், பின்னாலேயே கருகல் நாற்றம். தகடு இரண்டாகப் பிளந்து கிடந்தது. பிளவு சரியாக அந்த எழுத்தின் வழியாகவே ஓடியிருந்தது. எழுத்தும் எரிந்து போயிருந்தது.

ஸ்தானே அறிக்கையை இழுத்து வைத்துக்கொண்டார். "தகடு மின்புலத்தைத் தாங்கலைன்னு எழுதிடறேன். வேற என்ன பண்றது?"

"எழுதாதே!" அவள் அலறினாள். "அவன் செஞ்சது தாங்கியிருக்கும். நான்தான் துடைக்கலை. பொய் சொன்னேன், ஸ்தானே."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "நான் நம்பறேன். ஆனா மத்தவங்களுக்குக் காட்ட இன்னொரு தகடு வேணுமே, நேவெங்கா."

நேவெங்கா நெஞ்சு வெடிக்க அழுதாள். பிறகு மேசையில் காய்ந்து கிடந்த பஞ்சை எடுத்து, உடைந்த விளிம்பை மெல்லத் துடைக்க ஆரம்பித்தாள்.