நீல டேப் சுற்றிய கரண்டி

நாத்தனார் கத்தி நுனியால் கரண்டிக் காம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். காம்பில் சுற்றியிருந்த நீல டேப் பிய்ந்து, சுருண்டு, கழுவும் தொட்டிக்குள் விழுந்தது.

"அண்ணி, அதை எடுக்காதீங்க," என்றாள் அவள், படுக்கையறையிலிருந்து.

சொன்னாளே தவிர, சத்தம் கதவைத் தாண்டவில்லை. மடியில் குழந்தை. நாளெல்லாம் கத்திவிட்டு இப்போதுதான் மார்பில் வாய் வைத்திருந்தான். குரலை உயர்த்தினால் திடுக்கிட்டு விட்டுவிடுவான். விட்டால் மறுபடி முதலிலிருந்து. ஒருக்களித்திருந்த கதவின் இடுக்கில் சமையலறை கொஞ்சம்தான் தெரிந்தது: தொட்டி, நாத்தனாரின் முழங்கை, அடுப்பின் ஒரு மூலை. அந்தக் கொஞ்சத்துக்குள் அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே டேப் போன கரண்டி மற்றக் கரண்டிகளோடு சேர்ந்து கழுவப்பட்டது, துடைக்கப்பட்டது, கொதிக்கும் பாலுக்குள் இறங்கி ஒரு கலக்குக் கலக்கியது.

போச்சு. இருந்த ஒரே கரண்டியும் போச்சு.

மாமனாரை ஏற்றிக்கொண்டு போன வண்டியின் பின்னாலேயே ஆண்கள் எல்லாரும் போயிருந்தார்கள். அந்த நிமிஷத்திலிருந்து நாத்தனார் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். தரையைத் தேய்த்தாள், அடுப்பைத் தேய்த்தாள், சுத்தமாக இருந்த டம்ளர்களை எடுத்துப்போட்டு அதையும் தேய்த்தாள். அப்பாவைப் பறிகொடுத்தவளிடம் போய் கரண்டிக்காகச் சண்டை போட முடியுமா?

மாமனார் ஒரு தொழிற்சாலை கேண்டீனில் தலைமைச் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். மீன் கரண்டிக்கு ஒரு நிற டேப், காய்கறிக் கரண்டிக்கு ஒரு நிற டேப் என்று சுற்றிவைத்து வேலை பார்த்தவர். பேரன் பிறந்த பிறகு அந்தப் பழக்கம் வீட்டுக்கு வந்தது. குழந்தைக்கு மாட்டுப்பால் ஆகவில்லை. அவன் குடித்தது தாய்ப்பால் மட்டும்தான். ஆனால் அவள் ஒரு வாய் தயிர் சாப்பிட்டால் போதும், அது எப்படியோ அவனிடம் போய்ச் சேர்ந்து, காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு அலறுவான். மலத்துணியில் ரத்தக் கோடு தெரியும். டாக்டரம்மா பாலை நிறுத்தச் சொன்னார். அப்புறம் முட்டையையும். பால் என்றால் வெறும் பாலா? வெண்ணெய், நெய், பிஸ்கட், கடை ரொட்டி என்று எதை எடுத்தாலும் அதற்குள் பால் ஒளிந்துகொண்டிருந்தது. மிச்சம் இருந்ததை வைத்து ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று அவள் அழுதுகொண்டு நின்றபோது, மாமனார்தான் அவளை ஒதுங்கச் சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தார்.

"தனிச் சட்டி, தனிக் கரண்டி. நீல டேப்பு உன்னோடது. வேற எதுக்குள்ளயும் அது போகக் கூடாது. கேண்டீன்ல கரண்டி மாறிப்போச்சுன்னா யூனியன்காரன் வந்து நிப்பான். இங்க யூனியன், மேனேஜர் எல்லாம் இவன்தான்."

அன்றிலிருந்து குழந்தை மேனேஜர். குழந்தை அழுதால், "மேனேஜருக்குச் சாப்பாடு சரியில்லையாம்."

நல்ல மனுஷர்தான். ஆனால் அவளுக்கு மூச்சு முட்டியது. பூசணிக்காய், சோறு, வேகவைத்த கோழி. மறுநாள் உருளைக்கிழங்கு, சோறு, வேகவைத்த கோழி. மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்திக்கொண்டு, பசித்தால் எதிர்க் கடையில் எதையாவது வாங்கி நின்றபடியே தின்றவள் அவள். இப்போது இந்த அறை, இந்தக் கட்டில், இந்த மார்பு, இந்தத் தட்டு. புதிதாக எதையாவது சேர்த்துப் பார்க்கிற நாளில் மாமனார் கூடத்திலிருந்து அந்த பிளாஸ்டிக் நாற்காலியை, கால் விரிசல் விட்டு அதற்கும் நீல டேப் சுற்றியிருந்ததை, இழுத்துக்கொண்டு வந்து அறை வாசலில் போட்டு உட்காருவார். குழந்தை தூங்கும்வரை எழுந்திருக்க மாட்டார்.

"மேனேஜர் என்ன சொல்றார்?"

"ஒண்ணும் சொல்லல மாமா."

"அப்ப பொறுப்போம்."

நேற்றுச் சாயங்காலம் அவள் வெடித்துவிட்டாள். "மறுபடி பூசணிக்காயா? இது வீடா ஜெயிலா மாமா? வாசல்ல காவல் வேற!"

அவர் சிரித்தார். "ஜெயில்னா நான் வார்டன். வார்டனும் அதே சாப்பாட்டைத்தானே சாப்பிடுறான்?" பிறகு மேல் தட்டிலிருந்த ஒரு டீக் கோப்பையைக் காட்டினார். உள்ளே ஒற்றை முட்டை. "நாளைக்கு இவரைத் திரும்ப வேலைக்குச் சேர்த்துக்கலாம். டாக்டரம்மா சரின்னுட்டாங்க. பாதி நாள் டூட்டி, பாதி முட்டை."

இன்று காலையில் அவர் சமையலறை முக்காலியில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். அவள் குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு வந்தபோது அவர் தலை சுவரில் சாய்ந்திருந்தது. தூங்குகிறார் என்று நினைத்து, "உள்ள போய்ப் படுங்க மாமா," என்று கோபித்துக்கொண்டாள். அடுப்பைக்கூட அணைத்தாள். அப்புறம்தான் கையைத் தொட்டாள்.

இப்போது சாயங்காலமாகிவிட்டது. காலையிலிருந்து ஒரு வாழைப்பழத்தைத் தவிர அவள் எதுவும் தின்னவில்லை. குழந்தை குடித்துக் குடித்துப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழ ஆரம்பித்தான். அவளுக்குச் செத்துப்போனவர்மேல் கோபம் கோபமாக வந்தது. சொல்லாமல் கொள்ளாமல் இப்படிப் போய்விட்டாரே, இன்றைக்கு ராத்திரி நான் என்னத்தைத் தின்பேன்?

ஆண்கள் திரும்பி வந்தார்கள். கணவன் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு வந்து குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். லிஃப்ட் மெக்கானிக். எத்தனை மாடி உயரத்திலும் தொங்குவான், அக்காவின் எதிரில் மட்டும் பேச்சு வராது.

சாப்பாட்டு மேஜையில் வைக்க இடமில்லை. அக்கம்பக்கத்தார் கொண்டுவந்தது அவ்வளவு. க்ரீம் ஊற்றிய சூப், வெண்ணெய் பிசிறிய சோறு, கேக், ரொட்டி. சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை. அவள் சாப்பிட ஒன்றும் இல்லை.

"சாப்பிடும்மா," என்றார் மாடி வீட்டு டீச்சர். "உனக்காக இல்ல, பிள்ளைக்காக."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

அப்போதுதான் நாத்தனார் ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து அவள் எதிரில் வைத்தாள். ஆவி பறந்தது.

"அப்பா உரிச்சு வச்ச கிழங்கு. தண்ணிக்குள்ள அப்படியே கிடந்துச்சு. கடைசியா அவர் கை பட்டது இதுதான். உனக்குன்னுதானே உரிச்சார்? மிச்சத்தையும் உரிச்சு, வேகவச்சு, மசிச்சுட்டேன். சாப்பிடு."

கிழங்கின்மேல் வெண்ணெய் உருகி ஓடியிருந்தது.

"வெண்ணெய் போட்டிருக்கீங்களா அண்ணி?"

"பின்ன? வெறும் கிழங்கு தொண்டையில இறங்குமா? பாலும் ஊத்தி நல்லா குழைச்சிருக்கேன்."

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அவள் ஸ்பூனை எடுத்தாள். அந்த வாசனை எத்தனை மாதமாயிற்று! வாயில் எச்சில் ஊறியது, ஊறியதற்கு வெட்கமாக இருந்தது. அவர் உரித்தது. அவளுக்காக உரித்தது. ஒரு வாய் தின்றால் என்ன குடி முழுகிவிடும்? கணவன் தோளில் குழந்தை காலை உதைத்துக்கொண்டான்.

"ஒரு வாய் சாப்பிட்டுட்டு வச்சிடேன்," என்று கணவன் முணுமுணுத்தான்.

"மனசார சாப்பிட்டா ஒண்ணும் பண்ணாதும்மா," என்றார் டீச்சர்.

அவள் ஸ்பூனைக் கீழே வைத்தாள். "வேண்டாம் அண்ணி. என்னால முடியாது."

நாத்தனாரின் முகம் கோணிப்போனது. நாளெல்லாம் தேய்த்துத் தேய்த்து அடக்கிவைத்திருந்தது அப்போதுதான் வெளியே வந்தது.

"நானும்தான் ரெண்டு பெத்தேன். இந்த வீட்லதான் வந்து படுத்துக் கிடந்தேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் எங்கப்பா அடுப்புப் பக்கம் வந்திருப்பாரா? 'ஊருக்கெல்லாம் ஆக்கிப் போட்டுட்டு வர்றேன், வீட்லயாவது உட்கார விடுங்க'ம்பார். ஒரு காபி போட்டுக் குடுத்ததில்ல எனக்கு. உனக்கு உட்கார்ந்து உரிச்சிருக்கார். அதைப் போய் வேண்டாங்கிற!"

டீச்சர் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.

"மாமாவும் வெண்ணெய் சாப்பிடல அண்ணி," என்றாள் அவள். "எனக்கு என்ன ஆக்கினாரோ அதையேதான் அவரும் சாப்பிட்டார். இவனுக்கு ஆகலன்னு தெரிஞ்ச நாள்லேருந்து."

"அப்பாவா? தயிர் இல்லாம தட்டை விட்டு எந்திரிக்க மாட்டாரே."

"காபிகூட கடுங்காப்பிதான். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். நேத்துகூட, வார்டன் தனியா நல்லது தின்னா கைதிங்க கலாட்டா பண்ணுவாங்கம்மான்னு சொல்லிச் சிரிச்சார்."

நாத்தனார் தம்பியைப் பார்த்தாள். அவன் ஆமாம் என்று தலையசைத்தான். அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். கிண்ணத்தைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். முதல் வாயை விழுங்க நேரமானது. பிறகு அவசரமில்லாமல், கண்ணீர் கன்னத்தில் இறங்க இறங்கத் துடைக்காமல், கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டு முடித்தாள்.

"அந்த நீல டேப்பு," என்றாள் கடைசியில். "அது உன் கரண்டியா?"

"ஆமா அண்ணி."

"சொல்லியிருக்கலாம்ல?"

"இவன் பால் குடிச்சிட்டிருந்தான்."

நாத்தனார் எழுந்துபோய்க் கரண்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். எல்லாம் ஒரே மாதிரி பளபளவென்று இருந்தன.

அவள் மேல் தட்டிலிருந்து, மாமனார் காட்டிய டீக் கோப்பையை எடுத்தாள். முட்டைக்குக் கரண்டி வேண்டாம். அந்த வீட்டில் யார் கரண்டியும் போகாதது அதன் ஓட்டுக்குள் மட்டும்தான். தன் சட்டியை இரண்டு தடவை கழுவி, முட்டையை வேகவைத்து, உரித்து, பாதியாக அறுத்தாள். ஒரு பாதியில் உப்பைத் தூவி அடுப்படியிலேயே நின்றுகொண்டு தின்றாள். மாவாக, சப்பென்று இருந்தது. மறு பாதியைத் தட்டில் வைத்து எதிர்ப்பக்கம் நகர்த்திய பிறகுதான், எதிர்ப்பக்கம் யாருமில்லை என்பது உறைத்தது. அதைக் கோப்பையில் போட்டு மூடி வைத்தாள்.

குழந்தை மறுபடி அழுதான். அவள் அறைக்குப் போனாள். கட்டில், சுவர், ஒருக்களித்த கதவு. இந்தத் தடவை பால் கொஞ்சம் இறங்கியது. அவன் விழுங்கும் சத்தம் கேட்டது. முட்டை என்ன செய்யுமோ, இனிமேல்தான் தெரியும்.

துக்கத்துக்கு வந்தவர்களுக்குப் போட்டிருந்ததை எடுத்துப்போக வெளியே வாடகை நாற்காலிக்காரன் வந்துவிட்டான். நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும் சத்தம் கேட்டது. கதவிடுக்கில் அவன் முதுகு தெரிந்தது. அவன் கையில் டேப் சுற்றிய காலோடு அந்த நாற்காலி. குழந்தையின் கண் சொருகிக்கொண்டு வந்தது. அவள் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

"அதை வை," என்றது நாத்தனாரின் குரல். "காலைப் பாரு. அது எங்க வீட்டுது."

நாற்காலி தரையில் இழுபட்டு வந்து அறை வாசலில் நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அதன் பிளாஸ்டிக் மெல்லக் கிறீச்சிட்டது.

கதவிடுக்கில் ஒரு முழங்கால் தெரிந்தது. அதன்மேல் வைத்திருந்த கையில் பாத்திரம் தேய்க்கும் நார் இன்னும் இருந்தது. அதிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.