கொச்சிச் செடிக்குத் தூக்கக் குளிசை

எங்கள் திகன ஊரில் என்னைவிடச் சிக்கனக்காரன் இன்னும் பிறக்கவில்லை. கருவாடு கழுவிய தண்ணீரைக்கூட வீணாக்காமல் கறிக்குக் காரம் தரும் என் கொச்சிக்காய்ச் செடிக்குத்தான் ஊற்றுவேன். மண்ணில் உப்பேறி இலையெல்லாம் கருகியதும், பெர்த்தில் பயிர் ஆராய்ச்சி செய்யும் மகள் இன்ஷிராவுக்குப் படம் அனுப்பினேன். மாதத்துக்கு ஒருமுறை பேசுகிறவள் அந்த நிமிடமே அழைத்தாள்.

“கடலையே ஊத்தி வெச்சிருக்கீங்களே வாப்பா! உங்களுக்குத் தூக்கம் வரல்லண்டு நான் அனுப்பின குளிசை மெலடோனின்தான். செடியும் தனக்குள்ள அத உண்டாக்கும். வேருக்கு இன்னும் கொஞ்சம் குடுத்தா உப்பத் தாங்கிக்கொள்ளும்.”

“செடி தூங்கிட்டா யாரு, மகள், காய்க்கிறது?”

“அது தூங்காது வாப்பா. நீங்க ஊத்துங்க.”

கால் குளிசையை வாளித் தண்ணீரில் கரைத்து ஊற்றினேன். தினமும் வீடியோவில் அவள் இலைகளை எண்ணினாள். மனைவி மௌத்தாகிப் போன பிறகு இந்த வீடு இவ்வளவு பேச்சைக் கேட்டதில்லை. மூன்றே வாரத்தில் செடி எங்கள் ஊர் விக்டோரியா அணைக்கட்டு உயரத்துக்குத் துளிர்த்துவிட்டது.

“இனிப் பயமில்ல வாப்பா. அடுத்த மாசம் கோல் எடுக்கிறேன்.”

போனைக் கீழே வைத்தேன். சுவர்க் கடிகாரம் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. பிறகு குசினிக்குப் போய், சமைக்கும் எண்ணமே இல்லாமல், அரைக் கிலோ கருவாட்டைக் கழுவ ஆரம்பித்தேன்.