இடப்பக்கம் திருப்பினால் கூடும்

செங்கொடி டியூப்லைட் சோக்கிலிருந்து தொங்கிய ஊதா ஒயரையும் சாம்பல் ஒயரையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் சேர்த்துத் தொட்டாள். தலைக்கு மேலிருந்த டியூப்லைட் சட்டென்று தணிந்தது. நுனியை எடுத்தாள். மறுபடியும் பளீரென்று அடித்தது. கட்டிலில் கிடந்த அவள் புருஷன் லோகநாதன் ஈரத்துணியைக் கண்மேல் இழுத்துக்கொண்டான்.

"இன்னாமே, மின்னலு வுட்டுகினு கீற?"

"சோக்கு நல்லாதான்யா கீது. என் போர்டுதான் மக்கர் பண்ணுது. கொஞ்சம் பொறுத்துக்கோ."

அவனுக்கு மண்டைக்குள் கட்டி. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். வெளிச்சம் பட்டால் தலைக்குள் ஆணி இறங்குகிறது என்பான். அணைத்தாலோ, திருவொற்றியூர் ரயில் பாதையை ஒட்டிய அந்த ஜன்னலில்லாத அறையில் பட்டப்பகலிலும் கும்மிருட்டு. ஆள் முகம் தெரியவில்லை என்று தவிப்பான். ஜீரோ வாட் பல்பு போட்டதற்கு, "பேய் வூடு மாறி கீது, கழட்டு" என்றான்.

செங்கொடிக்கு எர்ணாவூரில் டியூப்லைட் சோக் செய்யும் கம்பெனியில் டெஸ்டிங் வேலை. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற ரக சோக் ஒன்று மூடி நசுங்கி ஒதுங்கிக் கிடந்ததை சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி வந்தாள். அதை ஆட்டிவைக்க ஒரு மைக்ரோகண்ட்ரோலர் போர்டில் தானே புரோகிராம் எழுதினாள். கையில் பிடித்துத் திருப்ப, நீள ஒயரில் ஒரு குமிழ்.

அது வேலை செய்வதற்கு முன்பே லோகநாதன் தெரு முழுக்கச் சொல்லிவிட்டான். பிள்ளை பிறக்குமுன் பேர் வைக்கிற ஆள் அவன். துறைமுகத்தில் கூடவே கிரேன் ஓட்டிய ஜாபரிடம், "என் பொண்டாட்டி லைட்டுக்கே கடிவாளம் போட்டுக்கீறா, வந்து பாரு" என்று நேற்றே போனில் அளந்தாயிற்று. இன்று ஜாபர் வருகிறான். லோகநாதனுக்கோ காலையிலிருந்து மூச்சு இழுத்து இழுத்து வருகிறது. அவன் கடைசியாகப் பீற்றிக்கொண்டது பொய்யாகிவிடக் கூடாது. மற்றதற்கெல்லாம் அவள் அழுது முடித்திருந்தாள்.

போர்டைக் கழற்றிவிட்டு, சோக்கிலிருந்து வரும் வெறும் ஒயர்களில் மீட்டரை வைத்தாள். பத்து வோல்ட் காட்டியது. யாரும் எதுவும் கொடுக்காமலே காட்டியது. செங்கொடி தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டாள்.

"இன்னா?" என்றான் துணிக்கடியிலிருந்து.

"கொழாய்ல ஏற்கெனவே தண்ணி வந்துகினு கீதுயா. அது தெரியாம நான் மேல மேல ஊத்திகினு கீறேன். ஊத்தக் கூடாது, எறைக்கணும்."

டிரான்சிஸ்டரைப் பிடுங்கி, கொடுக்கிற வேலையிலிருந்து இழுக்கிற வேலைக்கு மாற்றிப் பற்றவைத்தாள். குமிழைத் திருப்பினாள். வெளிச்சம் பேச்சைக் கேட்டது, ஆனால் தலைகீழாக. வலப்பக்கம் திருப்பினால் குறைந்தது, இடப்பக்கம் திருப்பினால் கூடியது. புரோகிராமில் ஒரு வரியை மாற்றினால் சரியாகிவிடும். அவள் லேப்டாப்பைத் திறக்கும்போது ஜாபர் வாசலில் செருப்பைக் கழற்றினான்.

"மாத்தாத, வுடு," என்றான் லோகநாதன். "உன்ன மாறியே கீது. நான் ஒண்ணு சொன்னா நீ ஒண்ணு செய்வ."

குமிழை வாங்கி, தானே வலப்பக்கமாகத் திருப்பினான். அறை முழுக்க இதமாகத் தணிந்ததும் துணியைக் கண்ணிலிருந்து எடுத்தான்.

"இன்னா தோஸ்து, தாடியெல்லாம் நரைச்சிட்ச்சி?"

"உனுக்கு மட்டும் நரைக்கலியா மச்சி," என்ற ஜாபர் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"பாத்தியா? சொன்னேன்ல? கடைல வாங்கனது இல்ல. இவ பண்ணது."

கம்பெனியில் கொடுத்த கேடயம் ஒன்று அலமாரியில் தூசி படிந்து கிடந்தது. அதை வாங்கிய அன்றுகூட செங்கொடிக்கு நெஞ்சு இப்படி நிமிர்ந்ததில்லை. லோகநாதன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளும் பார்வையை எடுக்கவில்லை. கும்மிடிப்பூண்டி வண்டி சுவரை அதிரவைத்துக் கடந்தது. சத்தம் அடங்கியபோது குமிழ் அவன் கையிலிருந்து நழுவியிருந்தது.

முதலில் ஓடிவந்தவள் பக்கத்து வீட்டுக் கெங்கம்மா. பின்னாலேயே தெருப் பெண்கள் அழுதுகொண்டு நுழைந்தார்கள்.

"இன்னாமே இது, மனுசன இருட்டுல போட்டு வெச்சிக்கீறீங்க? சாவு வூட்ல லைட்டு நல்லா எரிய வாணாமா?" கெங்கம்மா குமிழை எடுத்து வலப்பக்கம் திருப்பினாள். இருந்த வெளிச்சமும் இறங்கியது. "அய்யோ, அணையுதே!"

"அந்தாண்ட இல்லக்கா, இந்தாண்ட திருப்பணும்," என்றான் ஜாபர். குரல் உடைந்திருந்தது. ஆனாலும் தெருவுக்கே கேட்கும்படிதான் சொன்னான். "அத்து அவன் பொண்டாட்டி பண்ணது. அவன் கைக்கு ஏத்த மாறி."

செங்கொடி குமிழை வாங்கிக்கொண்டாள்.

"சீக்கிரம் போடேன்மே," என்றாள் கெங்கம்மா.

தலையணையோரம் கிடந்த துணியைச் செம்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, செங்கொடி அவன் கண்மேல் போட்டாள். பிறகு குமிழை இடப்பக்கமாக, மெதுவாகத் திருப்பினாள்.