சாதுவான சங்கம்

உக்கிரபாண்டி என்று பேர் வைத்தது அவருடைய அய்யா செய்த தப்பு. சாயல்குடிப் பக்கத்து உப்பளப் பெண்களுக்குச் சங்கம் வைத்து, அதற்குச் செயலாளராகவும் இருந்த மனுசன், காக்கிச் சட்டையைத் தூரத்தில் பார்த்தாலே வேட்டியை மடித்துக் கட்டுவார். சண்டைக்கு இல்லை, ஓடுவதற்கு. இதை ஊர் சொல்லுமுன்னே அவரே சொல்லிச் சிரித்துவிடுவார். நாமே சிரித்துவிட்டால் பாதி மானமாவது மிஞ்சுமே என்று ஒரு நப்பாசை.

சுனாமிக்கு மறு வருஷம் ஜெர்மனித் தொண்டு நிறுவனத்துக்காரர்கள் சங்கத்துக்குப் பணம் தருவதாகச் சொன்னார்கள். ஆபீஸுக்குக் கட்டடம், தையல் மெஷின், செயலாளருக்குச் சம்பளம், ஒரு மோட்டார் பைக். பைக் என்ற இடத்தில் உக்கிரபாண்டிக்குக் கண்ணில் தண்ணி வந்துவிட்டது. ஆனால் வெளிநாட்டுப் பணம் வாங்க டெல்லியில் அனுமதி வேண்டும். அதற்கு முன்னால் ஆள் வந்து விசாரிப்பார்கள். அரசியல் செய்கிற சங்கம் என்று பட்டால் அனுமதி கிடையாது.

அரசியல் என்ற வார்த்தையைக் கேட்டதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. சங்கம் எந்தக் கட்சியிலும் இல்லைதான். ஆனால் தாசில்தார் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருக்கிறது, ரோட்டை மறித்திருக்கிறது. போதாக்குறைக்கு வருகிற திங்கட்கிழமை மறுபடியும் மறியல் என்று பேசி முடித்திருந்தார்கள். உப்பளத்துக்கு வந்துகொண்டிருந்த குடிதண்ணி வண்டியைக் காண்டிராக்டர் நிறுத்திவிட்டார். வெயிலில் உப்பு வாரிக்கொண்டிருந்த பூமயில் பாத்தியிலேயே மயங்கி விழுந்து, ராமநாதபுரத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவள் சங்கத் தலைவி சோலையம்மாளின் மகள்.

அந்தச் சோலையம்மாளிடம்தான் போய் நின்றார்.

"அக்கா, திங்கட்கிழமை வேண்டாம். விசாரணை முடியட்டும்."

"அதுவரைக்கும் தண்ணி குடிக்காம இருக்கவா, தம்பி?"

"கொஞ்ச நாளைக்குத்தான். பணம் வந்துட்டா தையல் மெஷின் வரும்ல?"

சோலையம்மாள் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். உப்பு அரித்து, விரல் நுனியெல்லாம் வெடித்துக் கிடந்தது. "இந்தக் கையில ஊசியப் பிடிக்கச் சொல்றியாக்கும்?"

உக்கிரபாண்டி தரையைப் பார்த்தார். இத்தனை வருஷமும் ஒரு டீக்காசு வாங்காமல் மனு எழுதிக் கொடுத்த மனுசன் என்று அவளுக்கும் இரக்கம் வந்திருக்க வேண்டும். "சரி, நீ சொல்ற. கேக்குறோம்" என்றாள்.

அதோடு விட்டாரா? இல்லை. பயந்தவனுக்கு வேலை நிறைய. போர்டில் 'உரிமை' என்று இருந்த இடத்தில் சுண்ணாம்பை அடித்து 'நலம்' என்று எழுத வைத்தார். கடைத்தெருவில் ஒயர் கூடைகளை இரவல் வாங்கி வந்தார். பெண்களைக் கூட்டி வைத்து, அதிகாரி வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று பாடம் நடத்தினார். அடடா, அந்தப் புத்தியில் கால்வாசி காண்டிராக்டரிடம் காட்டியிருந்தால் தண்ணி வண்டி எப்போதோ வந்திருக்கும். இதுவும் அவரே பிற்பாடு சொன்னதுதான்.

விசாரணை அதிகாரி ஸ்கூட்டரில் வந்தார். ஒல்லியான ஆள், சாதா சட்டை, பேச்சிலும் மரியாதை. "சுனாமி பேரைச் சொல்லிப் பணத்த வாங்கி, போர்டை மட்டும் மாட்டிட்டு ஓடினவங்க இருக்காங்க சார். அதான் நேர்ல பாக்குறோம். சங்கத்துல என்ன பண்றீங்க?"

"கூடை பின்றோம், கும்மி அடிக்கிறோம்" என்றார்கள் பெண்கள், சொல்லிக் கொடுத்தபடியே. ஒரு கூடையில் கடைக்காரர் ஒட்டிய விலைச் சீட்டு அப்படியே இருந்தது. அதிகாரி அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

"கட்சித் தொடர்பு ஏதாவது உண்டா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். உக்கிரபாண்டிக்கு நாக்கு நிற்கவில்லை. "கட்சியா? ஐயய்யோ! நாங்க போராட்டம், மறியல்னு எதுக்கும் போறதில்ல சார். காண்டிராக்டர் எங்களுக்குத் தகப்பன் மாதிரி. எழுதியே தாரேன்." எழுதித் தரச் சொல்லி அதிகாரி கேட்கவில்லை. இவர் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். சோலையம்மாள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் அன்று முழுக்க அவர் பக்கம் திரும்பவே இல்லை.

அதிகாரியை எப்படிச் சமாளித்தேன் பார்த்தாயா என்று சாயங்காலம் டீக்கடையில் பெருமை வேறு. டீக்கடையில் சொன்னது காண்டிராக்டர் காதுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? பெண்கள் தண்ணி கேட்டுப் போனபோது அந்த ஆள் விழுந்து விழுந்து சிரித்தாராம். "நான் தகப்பன்னு உங்க செயலாளரே எழுதிக் கொடுத்திருக்காரு. தகப்பன்கிட்ட யாராவது சண்டைக்கு வருவாகளா? போங்கத்தா, போய்க் கும்மி அடிங்க."

திரும்பி வந்த பெண்கள் உக்கிரபாண்டியிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றும் சொல்லவும் இல்லை.

அடுத்த வாரம் அவர் டீ குடித்துக்கொண்டிருக்கையில், தூத்துக்குடி பஸ் நின்றுபோனதால் நடந்து வந்தவர்கள் சொல்லித்தான் தெரிந்தது. ஈசிஆர் ரோட்டில் மறியல். உப்பளத்துப் பொம்பளைங்க. டம்ளரை வைத்துவிட்டு ஓடினார். போலீஸ் இருக்கிற திசையைப் பார்த்து அவர் ஓடியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

போவதற்குள் பெண்களை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் கையில் நோட்டோடு அந்த ஒல்லி அதிகாரி நின்றார்; மறியலைக் குறித்துக்கொள்வதும் அவர் வேலைதான் போலிருக்கிறது. உக்கிரபாண்டி மூச்சு வாங்கிக்கொண்டே, "சார், எங்க அனுமதி போச்சா?" என்று கேட்டார். அந்த நேரத்தில் வாயில் முதலில் வந்தது அதுதான். கேட்டபிறகு தன்னையே செருப்பால் அடிக்கலாம் போலிருந்தது.

"உங்க ரிப்போர்ட் நல்லபடியாப் போயிருச்சு சார். ஆனா ஒண்ணு. கட்சி உண்டான்னுதான் கேட்டேன். சங்கம் வைக்கிறதும் தண்ணி கேக்குறதும் அவங்க உரிமை. அத விட்டுரணும்னு நான் சொன்னேனா? ரோட்டை மறிச்சா ஸ்டேஷனுக்குக் கொண்டு போவாங்க, சாயங்காலம் விட்டுருவாங்க. அது வேற. நீங்கதான் கேக்காததையெல்லாம் எழுதிக் கொடுத்தீங்க."

உக்கிரபாண்டி நேராக வேனுக்குப் போய்ப் படியில் காலை வைத்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"யாருய்யா நீ? இந்தச் சங்கமா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

அவர் வாயைத் திறக்குமுன் உள்ளேயிருந்து சோலையம்மாள் குரல் வந்தது. "இல்லைங்கய்யா. அவரு எங்க ஆளு இல்ல. எறக்கி விடுங்க."

நிமிர்ந்து பார்த்தார். அவள் முகத்தில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் கையைக் காலைப் பிடித்திருப்பார். இவர் ஆசைப்பட்ட பணம் கெட்டுப்போகக் கூடாதென்று சொன்னாளா, இல்லை உள்ளதைத்தான் சொன்னாளா, அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு கான்ஸ்டபிள் வந்து அவர் கையைக் கம்பியிலிருந்து மெதுவாக விடுவித்து, "பெரியவரே, நீங்க வீட்டுக்குப் போங்க" என்றார்.

வேன் கிளம்பிப் போய்விட்டது.

"நான்தான்யா செயலாளர்!" என்று கத்தினார். வேன் வளைவில் மறைந்தபிறகுதான் குரல் வந்தது. காத்துக் கிடந்த பஸ்ஸின் டிரைவர் தலையை வெளியே நீட்டி, "ஏலே, மறியல்தான் முடிஞ்சு போச்சே, நீ ஒத்தையில எதுக்கு நடுரோட்டுல நிக்கிற? வழிய விடு" என்று சத்தம் போட்டார்.

உக்கிரபாண்டி வழியை விட்டார்.