எழுந்திருய்யா செயலாளரே

கிழக்கிந்திய இசை வரலாற்றை இனிமேல் எழுதப்போகிறவர்கள் தயவுசெய்து பேனாவை மூடாமல் வைத்திருக்கவும். சென்ற ஜூலை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்றேகால் மணிக்கு, டாக்குரியா தமிழர் மன்றத்தின் சாமான் அறையில், நூற்றிருபது மடக்கு நாற்காலிகள், ஒன்பது கொலுப்படிகள், வேலை செய்யாத ஒரு தண்ணீர் ஃபில்டர் ஆகியோர் முன்னிலையில், வங்காளத்தின் முதல் தமிழ் பங்க் ராக் குழு உதயமானது. முதல் குழு என்று யார் சொன்னது என்று கேட்கக் கூடாது. அந்த மன்றத்தில் அப்படியெல்லாம் கேட்கிற வழக்கம் கிடையாது.

பங்க் என்றால் கிடாரில் மூன்று கார்டு, ஏகப்பட்ட கோபம், எதிரே ஒரு பெரிய மனிதர். இவ்வளவு போதும். ஸ்ருதி சுத்தமாக இருந்தால் சந்தேகப்படுவார்கள்.

கார்டும் கோபமும் ஹம்சினியிடம் இருந்தன. இருபத்து மூன்று வயது. கொல்கத்தாவிலேயே பிறந்தவள். தமிழ் பேசுவாள், எழுதப் படிக்கத் தெரியாது. டிரம்ஸ் வாசித்த அக்ஷய் பெஹாலாக்காரன். அவன் கொள்ளுத்தாத்தா ரயில்வே உத்தியோகத்துக்காக வந்து இறங்கியவர். நாலு தலைமுறையில் அந்தக் குடும்பத்தின் தமிழ் தேய்ந்து, சாம்பார், ரசம், சனியனே என்ற மூன்று சொற்களில் வந்து நின்றிருந்தது. பேஸ் கிடார் நவநீத், திருநெல்வேலியிலிருந்து சால்ட் லேக் ஐ.டி. கம்பெனிக்கு வந்து ஒன்றரை வருஷம். அவனுக்குத் தமிழ் நன்றாகப் படிக்க வரும், வங்காளத்தில் ஓரெழுத்து தெரியாது. குழுவின் பெயர் 'இதர விஷயங்கள்'. மன்றக் கூட்டங்களின் நிகழ்ச்சி நிரலில் கடைசியாக வரும், அதற்குள் எல்லாரும் டிபனுக்குப் போய்விடுவார்கள்.

பெரிய மனிதருக்கும் பஞ்சமில்லை. மன்றச் செயலாளர் வெங்கடநாராயணன், ஹம்சினியின் அப்பா. வங்கி அதிகாரியாகக் கும்பகோணத்திலிருந்து வந்து முப்பத்து நாலு வருஷம், செயலாளர் நாற்காலியில் பத்தொன்பது வருஷம். வங்க இலக்கியத்தை மூலத்திலேயே படித்தவர் என்பது அவர் புகழ். ஒவ்வொரு மேடையிலும் "நான் மூலத்தில் படித்தபோது" என்று ஆரம்பிப்பார். எதை என்று சொன்னதில்லை.

வீட்டிலும் அவர் செயலாளர்தான். பதினேழு வயதில் ஹம்சினி சவுண்ட் இன்ஜினியரிங் படிக்கட்டுமா என்று கேட்டாள். "பரிசீலிக்கலாம்" என்றார். அவள் பி.காம் முடித்தாள், வேலைக்கும் போனாள், பரிசீலனை முடியவில்லை. அதிலிருந்து பிறந்ததுதான் குழுவின் முதல் பாட்டு:

பரிசீலனை பரிசீலனை
ஆறு வருஷமாப் பரிசீலனை
எழுந்திருய்யா செயலாளரே
நாற்காலிக்கு மூச்சு முட்டுது

குழுவின் ஆரம்பகால வெற்றிகள் இரண்டு. பெஹாலாவில் அக்ஷய் தெருவின் கிளப் நடத்திய குழந்தைகள் ஓவியப் போட்டியில் வாசித்தார்கள், நாலு குழந்தைகள் அழுதன. நவநீத் கம்பெனியின் குடும்ப தின விழாவில் ஒன்றரைப் பாட்டு வாசித்தார்கள், பிறகு கரண்ட் போனது. போனதா, நிறுத்தினார்களா என்று இன்றுவரை தெரியவில்லை.

சாமான் அறையைப் பயிற்சிக்குத் தந்தபோது செயலாளர் ஒரே நிபந்தனை விதித்திருந்தார், ஆண்டு விழாவில் ஒரு பாட்டு. கொல்கத்தாவில் டிரம்ஸ் அடித்தால் யாரும் கதவைத் தட்டாத இடம் அது ஒன்றுதான். மூன்று பக்கம் கோடவுன், ஒரு பக்கம் ரயில். எனவே சரி என்றார்கள். பாட்டின் வரிகளை மூன்று நாள் முன்னால் எழுத்தில் தரவேண்டும் என்பது மன்ற விதி. ஹம்சினிக்கும் அக்ஷய்க்கும் தெரிந்த எழுத்து வங்க எழுத்துதான். தமிழ்ப் பாட்டை வங்க எழுத்தில் எழுதி, அவளே அப்பாவின் மேஜையில் கொண்டுபோய் வைத்தாள்.

"தமிழ்ல எழுத நான் இருக்கம்லா?" என்றான் நவநீத்.

"வேண்டாம். என் கையெழுத்துல இருக்கணும். அவர் படிக்கணும். படிச்சுட்டு என் மூஞ்சிக்கு நேரா கத்தணும்."

"தடை பண்ணிட்டா?"

"பண்ணட்டும். ஆறு வருஷத்துல ஒரு விஷயத்துலயாவது முடிவு எடுத்தார்னு ஆகும்."

இரண்டு நாள் அப்பா காப்பி குடிக்கும்போது பார்த்தாள், பேப்பர் படிக்கும்போது பார்த்தாள். ஒரு சலனம் இல்லை. மூன்றாம் நாள் தாள் திரும்பி வந்தது. பச்சை மையில், 'பார்வையிடப்பட்டது. மிக நன்று. வெ.நா.'

நவநீத் எழுத்துக்கூட்டாமல் படித்துச் சொன்னான். மூவரும் கொலுப்படியில் உட்கார்ந்து அந்தத் தாளையே பார்த்தார்கள்.

"துர்!" என்றான் அக்ஷய், அலுப்புக்கு வங்காளிகள் போடும் சத்தம் அது. மற்றதை இங்கிலீஷில் சொன்னான், அங்கிளுக்கு மட்டும் வங்காளத்துக் காக்கு. "காக்கு பெர்மிஷன் கொடுத்துட்டாரா? அப்போ நாம பங்க்கே இல்லை."

"ஒருவேளை மனசு மாறிட்டாரோ என்னவோ" என்றாள் ஹம்சினி. சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் இளகியது. அதற்காகத் தன்மேலேயே கோபம் வந்து கிடாரின் கரகரப்பை, டிஸ்டார்ஷனை, கூட்டினாள்.

ஆண்டு விழா சனிக்கிழமை மாலை. அன்று மத்தியானம் அம்மா நாகலக்ஷ்மி அப்பாவின் அங்கவஸ்திரத்துக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஹம்சினி மெதுவாகக் கேட்டாள்.

"அப்பா என் பாட்டைப் படிச்சுட்டு ஒண்ணும் சொல்லலையேம்மா?"

"எதுல எழுதிக் கொடுத்தே?"

"பெங்காலில."

அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "அடி அசடே. உங்கப்பாவுக்குப் பெங்காலி எங்கேடி படிக்கத் தெரியும்? வர பஸ் பெஹாலா போறதா காளிகாட் போறதான்னு போர்டைப் பார்த்து முப்பது வருஷமா நான்னா சொல்லிண்டிருக்கேன்!"

"மூலத்துல படிச்சேன்னு..."

"முதல் தடவை யாரோ மேடையில தப்பா சொல்லிட்டா. இவர் மறுக்கலை. அவ்வளவுதான். நீ கேட்டதா காட்டிக்காதே, பாவம்."

படிக்காமலே மிக நன்று என்று எழுதியிருக்கிறார். மனம் மாறவில்லை, ஒன்றும் மாறவில்லை. ஹம்சினிக்குக் காது சுட்டது. சாயங்காலம் வரட்டும், வரிக்கு வரி அவர் காதில் விழும்படி கத்துகிறேன் என்று கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

மேடைக்குப் பின்னால் கோவிந்தராஜன் காத்திருந்தார். கலைப் பிரிவுத் தலைவர். பிறந்து வளர்ந்ததெல்லாம் இந்த ஊர். செயலாளர் நாற்காலியைப் பதினாறு வருஷமாகப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பவர். அவர் கையில் பாட்டின் ஜெராக்ஸ் இருந்தது.

"பாட்டு படிச்சேன்மா. பிரமாதம். நாங்க சொல்ல முடியாததை நீ சொல்லிட்டே" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "உங்கப்பா இதைப் படிச்சிருந்தா கையெழுத்துப் போட்டிருப்பாரா? எனக்கு ரொம்ப நாளாவே ஒரு சந்தேகம். இன்னிக்கு மேடையில அவரையே வாசிக்கச் சொல்லப்போறேன். தாளை அவர் கையில கொடுத்து, மூலத்துல. சீஃப் கெஸ்ட் பெங்காலி ப்ரொஃபசர், முன்னாடியே உக்காந்திருக்கார்."

"வேண்டாம் அங்கிள்."

"ஏன்? எழுந்திருன்னு நீதானே எழுதியிருக்கே? நான் சும்மா கை கொடுக்கறேன்." சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

ஹம்சினி அப்பாவைத் தேடி ஓடினாள். அவர் குத்துவிளக்குத் திரியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"அப்பா, ஒரு நிமிஷம், அவசரம்..."

"நிகழ்ச்சி நிரல்ல இல்லாததெல்லாம் அப்புறம்."

"அந்தத் தாளை மட்டும் கையில வாங்காதே. கோவிந்தராஜன் அங்கிள்..."

"ஹம்சி. அப்புறம்னேன்." விருந்தினரைப் பார்த்துப் புன்னகைத்தபடியே நகர்ந்துவிட்டார்.

விளக்கேற்றினார்கள். வரவேற்புரை, வரவேற்புரைக்கு நன்றியுரை. 'இதர விஷயங்கள்' குழுவை மேடைக்கு அழைத்து ஆளுக்கொரு பொன்னாடை போர்த்தி, ஆளுக்கொரு சந்தேஷ் இனிப்புப் பெட்டி கொடுத்தார்கள். உலகத்தில் எந்த பங்க் குழுவும் இப்படித் தாக்கப்பட்டதில்லை. அக்ஷய் பொன்னாடையோடு டிரம்ஸில் உட்கார்ந்தான். எடுத்தால் மரியாதையில்லை என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

மன்றத்து மரபு ஒன்று உண்டு. எந்தப் பாட்டானாலும் செயலாளர் முதலில் அதன் வரிகளை வாசித்துப் பொருள் சொல்லவேண்டும். பாட்டைவிடப் பொருள் நீளமாக இருக்கும். அன்று வெங்கடநாராயணன், "இளைஞர்களின் எழுச்சி கீதம்" என்று சொல்லிவிட்டு நழுவப் பார்த்தார். ஆனால் கோவிந்தராஜன் இன்னொரு மைக்கோடு எழுந்தார்.

"மரபை விடலாமா? நம் செயலாளர் வங்காளத்தை மூலத்தில் படித்தவர். நம் பிள்ளைகள் பாட்டை வங்க எழுத்திலேயே எழுதியிருக்கிறார்கள். அவர் வாயால் கேட்க ப்ரொஃபசர் ஆவலாக இருக்கிறார்!"

ப்ரொஃபசர் ஆவலாக இல்லை, சமோசா தின்றுகொண்டிருந்தார். பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து, ஆவலாகிவிட்டார். இருநூறு பேர் கைதட்டினார்கள். தாள் வெங்கடநாராயணன் கைக்கு வந்தது.

அவர் கண்ணாடியைப் போட்டார். கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டார். "இந்த... இந்தக் கவிதையில்..." என்றார். மைக் அவர் மூச்சை மண்டபம் முழுக்கப் பரப்பியது. தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார், வெளிச்சம்தான் குறை என்பதுபோல. யாரோ எழுந்து இன்னொரு விளக்கைப் போட்டார்கள்.

பின்னால் நின்ற ஹம்சினிக்கு அப்பாவின் காதுமடல் தெரிந்தது. சிவந்துகொண்டே வந்தது. அவள் ஒன்றுமே செய்ய வேண்டாம். இப்படியே இன்னும் பத்து எண்ணினால் போதும், பத்தொன்பது வருஷ நாற்காலி தானாகக் காலியாகும். அவள் பாட்டில் கேட்டதே அதுதான். முன்வரிசையில் கோவிந்தராஜன் வாயைத் துடைத்துக்கொண்டார். நடுவரிசையில் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

அக்ஷய் குச்சிகளைத் தூக்கியபடி அவளையே பார்த்தான். நவநீத் கிசுகிசுத்தான்: "ஏ ஹம்சினி, என்ன செய்ய?"

ஆறு வரை எண்ணினாள். நேராகப் போய் அப்பாவின் கையிலிருந்து தாளைப் பிடுங்கி, நாலாகக் கிழித்து மேடையில் எறிந்தாள். மைக்கில் கத்தினாள்:

"எங்க பாட்டுக்கு ஒருத்தரும் பொருள் சொல்ல வேண்டாம்!"

"பெத்த அப்பன் கையிலேர்ந்து! என்ன திமிர்!" என்றார் பொருளாளர் மங்கையர்க்கரசி, மைக் இல்லாமலே எல்லாருக்கும் கேட்கும்படி. ஒரே நொடியில் வெங்கடநாராயணன் படிக்கத் தெரியாதவர் அல்ல, படிக்க விடப்படாதவர் ஆனார். பாவம் மனுஷன் என்று நாலு வரிசை உச்சுக்கொட்டியது.

அவர் மகளைப் பார்த்தார். மைக்கைக் கையால் மூடிக்கொண்டார்.

"உனக்குத் தெரியுமா?"

"இன்னிக்குத்தான். அம்மா சொன்னா."

பிறகு, "பாடு" என்று மேடை ஓரமாகப் போய் நின்றார்.

பாடினாள். இப்போது பாட்டின் ஒவ்வொரு வரியையும் அவர் முதல்முறையாகக் கேட்டார். ஆறு வருஷம் என்ற இடத்தில் அவர் தலை மெல்ல நிமிர்ந்தது. நாற்காலிக்கு மூச்சு முட்டுது என்ற இடத்தில் பின்னால் திரும்பி உண்மையிலேயே தன் நாற்காலியைப் பார்த்தார். ஹம்சினி கண்ணை மூடிக்கொண்டுதான் கத்தினாள். திறக்கப் பயமாக இருந்தது.

பாட்டு முடிந்ததும் "கூப் பாலோ! கூப் பாலோ!" என்று ப்ரொஃபசர் மட்டும் கைதட்டினார். ரொம்ப நன்றாக இருக்கிறதாம். ஒரு வார்த்தைகூட அவருக்குப் புரியவில்லை. வெங்கடநாராயணன் மைக்குக்கு வந்தார். தொண்டையைச் செருமினார்.

"உறுப்பினர் ஹம்சினியின் கோரிக்கை..." என்று ஆரம்பித்தார். வழக்கமான அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது தெரிந்தது. விழுங்கினார். "ஏற்கப்பட்டது" என்றார்.

அடுத்த ஞாயிறு பொதுக்குழுவில் ராஜினாமா கொடுத்தார். கோவிந்தராஜன் போட்டியிட்டார். அவருக்கு மூன்று வாக்கு விழுந்தது, அவர் வீட்டில் நாலு பேர். "எழுந்திருன்னு சத்தம் போட்டாளே, அவளே வந்து உக்காரட்டும்" என்று மங்கையர்க்கரசி ஹம்சினி பெயரை முன்மொழிந்தார். தண்டனையாகத்தான் சொன்னார், நிறைவேறிவிட்டது. ஹம்சினி மாட்டேன் என்றாள். "ஒத்துக்கோ, ரூம் சாவி நம்ம கைலயே இருக்கும்லா" என்று நவநீத்தான் அவளைச் சம்மதிக்க வைத்தான்.

வெங்கடநாராயணன் இப்போது காலையில் சின்னப் பிள்ளைகளின் அரிச்சுவடி ஒன்றை வைத்துக்கொண்டு மனைவியிடம் வங்க எழுத்துப் படிக்கிறார். மினி பஸ் போர்டில் காளிகாட் வரை வந்துவிட்டார்.

மன்றத்தில் புது விதி வந்திருக்கிறது. சாமான் அறையை யார் பயன்படுத்தினாலும் எழுத்து மூலம் விண்ணப்பிக்க வேண்டும். நவம்பர் மாதம் நவநீத் விண்ணப்பித்தான். புதுச் செயலாளரிடமிருந்து பச்சை மையில் வங்க எழுத்தில் இரண்டு வரி எழுதித் திரும்பி வந்தது. அவனுக்குப் படிக்கத் தெரியாததால் பெஹாலாவுக்கு எடுத்துப்போய் அக்ஷயிடம் காட்டினான்.

"பார்வையிடப்பட்டது. பரிசீலனையில் இருக்கிறது" என்று அக்ஷய் படித்துச் சொன்னான்.