லீஸ் யார் பேரில்?

லீஸ் முடிய மூன்று மாதம் இருக்கும்போது ராமமூர்த்தி மாடியிலிருந்து இறங்கி வந்தார். அவர்தான் ஓனர். கீழ் வீட்டில் நானும் ப்ளஸ் டூ படிக்கிற என் மகளும். மேல் வீட்டில் அவரும் அவர் மனைவியும்.

ஆம்பூரில் லீஸ் என்றால் மாத வாடகை கிடையாது. மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு மூன்று வருஷம் குடியிருக்கலாம். காலி செய்யும் அன்று ஒரு கையில் சாவியைக் கொடுத்து மறு கையில் பணத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தத் தொகை, ஷூ கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகத் தோல், தைத்து நான் எடுத்த பி.எஃப். பணம். ஆனால் அக்ரிமெண்ட் என் கணவர் இன்பராஜ் பேரில். எழுதுகிறவர் அவரைப் பார்த்துப் பேர் கேட்டார், அவரும் சொன்னார். பணம் யாருடையது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் நடக்கிற கூத்துதான் இது. போன வருஷம் இன்பராஜ் மாரடைப்பில் போய்விட்டார். அக்ரிமெண்டில் மட்டும் உயிரோடு இருந்தார்.

ராமமூர்த்தி நயமாகத்தான் ஆரம்பித்தார். தாராளமாக இன்னும் மூன்று வருஷம் இருக்கலாமாம். தொகையை மட்டும் கொஞ்சம் ஏற்றித் தர வேண்டுமாம். அப்புறம் இன்னொரு விஷயம் என்று இழுத்தார். புது அக்ரிமெண்டை என் கணவரின் அண்ணன் தானியேல் பேரில் போட்டால் நல்லதாம்.

"பொம்பள கையெழுத்த வச்சிகினு நாளைக்கு ஒரு பிரச்சனைன்னா நான் யார்கிட்டம்மா பேசறது?"

"எங்கிட்ட பேசுங்க சார். இப்ப பேசிட்டுதான இருக்கீங்க" என்றேன்.

அவருக்கு அது பிடிக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்த கையோடு தானியேல் மாமா மாதனூரிலிருந்து வந்து நின்றார். ஓனர் போன் போட்டிருக்கிறார். மாமா கெட்டவர் இல்லை. ஆனால் தம்பி போனதும் இந்த வீட்டுக்கும் தானே தலைவர் என்று முடிவு செய்துகொண்டவர். காலி செய்யும்போது பணம் தன் கைக்கு வரும், பத்திரமாக வைத்திருந்து பெண்ணின் கல்யாணத்துக்குக் கொடுப்பேன், நீ எதற்கு இந்த பேஜாரெல்லாம் தலையில் போட்டுக்கொள்கிறாய் என்றார். எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. வாரிசுச் சான்றிதழில் என் பேரும் என் மகள் பேரும்தான் இருக்கின்றன. பணமும் என்னுடையது. இதில் இவர் எங்கிருந்து வந்தார்?

"சாப்ட்டுட்டுப் போங்க மாமா. கையெழுத்து நான் போட்டுக்கறேன்."

அன்றிலிருந்து குடைச்சல் தொடங்கியது. மோட்டார் சுவிட்ச் மாடியில் இருந்தது. நான் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வரும் நேரத்துக்கு எங்கள் டேங்க் காலியாகிவிடும். கேட்டால் மோட்டார் ரிப்பேர் என்பார். மேலே அவர் மனைவி பாத்திரம் கழுவுகிற தண்ணீர் மட்டும் சாக்கடையில் சலசலவென்று ஓடும். தெருக் குழாயில் குடம் குடமாகப் பிடித்து, அவர் பால்கனியில் நிற்கும்போதே அவர் கண் முன்னால் தூக்கிக்கொண்டு போனேன். கெஞ்சுவேன் என்று காத்திருந்தார். காத்திருக்கட்டும்.

பிறகு வாசலில் 'வீடு லீசுக்கு' என்று அட்டை தொங்கியது. பார்க்க ஆட்கள் வந்தார்கள். நானே கதவைத் திறந்து ஒவ்வொரு அறையாகக் காட்டினேன். மழைக்கு எந்தச் சுவர் ஓதம் அடிக்கும், தண்ணீர் எப்போது நின்று போகும் என்று கேட்டவர்களுக்கெல்லாம் உள்ளதைச் சொன்னேன். பொய் சொல்ல எனக்கு என்ன தலையெழுத்தா?

அப்படி வந்தவர்களில் ஒருத்தி ஃபிர்தௌஸ். எல்லா அறையையும் சுற்றிப் பார்த்துவிட்டு, சமையலறையில் நின்று என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"அக்கா, உங்க பணத்த திருப்பிக் குடுத்துட்டாரா?"

இல்லை என்றேன்.

"எங்ககிட்ட முழுசா மொதல்ல குடுங்க, அத வச்சு அவங்கள செட்டில் பண்ணிட்டு சாவி தர்றேங்கறாரு. காலி ஆகாத வீட்டுக்கு நாங்க எப்டிக்கா பணம் குடுப்போம்? வேணாம்னு சொல்லிட்டோம்."

அவள் போன பிறகு அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு யோசித்தேன். இத்தனை நாள் நான்தான் பயந்து கிடந்தேன். வெளியே போ என்றால் பெண்ணைக் கூட்டிக்கொண்டு எங்கே போவது என்று. பயப்பட வேண்டியவர் மாடியில் அல்லவா இருக்கிறார். என் பணம் அவர் கையில் இல்லை. நாங்கள் குடிவந்த வருஷம்தான் அவர் மாடி எடுத்துக் கட்டினார். அது யார் பணம் என்று இப்போதுதான் எனக்கு உறைத்தது.

அன்று சாயங்காலமே மாடி ஏறினேன். அந்த வீட்டுக்குள் நான் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. தரையெல்லாம் பளபளவென்று டைல்ஸ். செருப்பைக் கழற்றிவிட்டு நடு ஹாலில் போய் நின்றேன்.

"நீங்கதான் அட்டை மாட்டிட்டீங்களே, காலி பண்றேன் சார். லீஸ் முடியற அன்னிக்கு பணத்த ரெடியா வச்சிருங்க. சாவி தந்துட்டுப் போய்டறேன்."

அவர் முகம் செத்துப்போனது. அவசரம் இல்லை, உட்கார் என்றார். நான் உட்காரவில்லை. புது பார்ட்டி பணம் கொடுத்ததும் மறுநாளே தந்துவிடுவதாகச் சொன்னார். பணம் வராமல் சாவி வராது, சாவி வராமல் எந்தப் பார்ட்டியும் பணம் தராது, ஃபிர்தௌசைக் கேட்டுப் பாருங்கள் என்றேன். உள்ளே இருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தார்.

"அப்ப இன்னாதான் பண்ணணும்ன்றம்மா?"

"பழைய தொகைக்கே இன்னும் மூணு வருஷம். என் பேர்ல. மோட்டார் சுவிட்ச் கீழ வரணும்."

அவர் டைல்ஸ் தரையைப் பார்த்தார். பிறகு தலையாட்டினார். மறுநாள் எலெக்ட்ரீஷியன் வந்தார்.

சனிக்கிழமை அக்ரிமெண்ட் எழுத நானும் ஓனரும் டைப்பிங் கடைக்குப் போனோம். அங்கே தானியேல் மாமா இஸ்திரி போட்ட சட்டையும் பையில் குத்திய பேனாவுமாக முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். அக்ரிமெண்ட் போடுகிறோம் என்று மட்டும் ஓனர் சொல்லியிருக்கிறார். மீதியைச் சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை. நான் அவர் வழிக்கு வந்துவிட்டேன் என்று மாமாவுக்கு ஒரே சந்தோஷம். எனக்கு டீ வாங்கித் தந்தார்.

டைப் அடிக்கிறவர் தலையைத் தூக்காமல் யார் பேரில் என்று கேட்டார். மாமா தொண்டையைச் செருமினார். அதற்குள் நான் என் பேரைச் சொன்னேன்.

"கிறிஸ்டினா."

மாமா ஓனரைப் பார்த்தார். ஓனர் மின்விசிறியைப் பார்த்தார். கடையில் இன்னும் நாலு பேர் இருந்தார்கள். தாள் வந்ததும் ஒவ்வொரு வரியாகப் படித்தேன். அப்புறம்தான் கையெழுத்துப் போட்டேன். ஓனரும் போட்டார். மாமா பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டு, அதை என்ன செய்வது என்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தார்.

"நான் எங்கம்மா போடறது?"

தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

"கீழ மாமா. சாட்சின்னு இருக்குல்ல, அங்க."